கழியும் கன்றுக்கு முதல் மருந்து எது?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் ஒரு கிராமம். நான்கு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் பிழைப்பு. போன ஒரு வருடத்தில் பிறந்த மூன்று கன்றுகளில் இரண்டு, பத்து நாள் ஆவதற்குள் வெள்ளையாகக் கழிந்து செத்துப் போய்விட்டன. இரண்டுக்கும் ஊரில் ஊசி போடுகிறவர் வந்து ஆன்டிபயாடிக் போட்டார். முதல் கன்றுக்கு ஒரு ஊசி, இரண்டாவதற்கு இரண்டு. இப்போது பிறந்து ஒன்பது நாளான கிடேரிக் கன்று நேற்றிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகக் கழிகிறது. போன முறை பொடியில் தண்ணீர் கலந்து போட்ட மருந்து பாதி பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதையே போடலாமா? இனிமேல் பிறக்கிற கன்றுகளுக்கு நோய் வருவதற்கு முன்னாலேயே ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலந்து கொடுத்தால் தடுக்க முடியுமா? இன்னொரு மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டிருக்கிறோம். அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்கிறார்கள். கீழே கொட்ட மனசு வரவில்லை. கன்றுக்கு வைக்கலாமா?

பதில்: தங்கச்சி, கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால் அன்றைக்கே பேசிவிட்டோம். கன்று எழுந்து நிற்கிறது, பால் குடிக்கிறது என்று நேற்று சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அன்று போனில் அவசரமாகச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்களைப் போல எத்தனையோ வீடுகளில் இதே பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

முதலில் செத்துப்போன அந்த இரண்டு கன்றுகளைப் பற்றி. ஊசி போட்டும் செத்துவிட்டதே, மருந்து சரியில்லையோ, இன்னும் வீரியமான மருந்து போட்டிருக்க வேண்டுமோ என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கண் உள்ளே போனது, காது சில்லிட்டது, கடைசி நாள் தலையைத் தூக்கவே இல்லை என்றதை எல்லாம் வைத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றித்தான் செத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். வெளியேறிப் போன தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவராது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு பெரியவர் சைக்கிள் கேரியரில் கோணிப்பைக்குள் வைத்து ஒரு கன்றைக் கொண்டுவந்தார். ஏழெட்டு நாள் கன்று. வால் முழுக்கக் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருந்தது. வாசலில் வரிசை நீளமாக நின்றது. நான் காய்ச்சல் பார்த்தேன், ஜென்டாமைசின் ஊசி போட்டேன், நாளைக்கும் கொண்டுவாங்க என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் வந்தார். கோணிப்பையை மடித்துக் கையில் வைத்திருந்தார். கன்று ராத்திரியே போய்விட்டதாம். நேற்று ஊசிக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டேன், கொடுத்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார். அரசு மருந்தகத்தில் காசு கிடையாது என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கன்றின் வாய்க்குள் நான் விரல் விட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதற்குத் தேவைப்பட்டது ரத்தக் குழாயில் சலைன். தண்ணீர் வற்றிய உடம்பில் ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாடத்தில் படித்திருந்தேன், அன்று கைக்கு வரவில்லை.

அதனால் ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கன்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று இடம் போதும். கையைக் கழுவிவிட்டு ஒரு விரலை வாய்க்குள் விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, கன்று விரலை இழுத்துச் சப்பினால் நல்லது. சப்புகிற வேகம் குறைந்தால் கவலைப்பட வேண்டும். வாய் சில்லென்று இருந்து விரலைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால், அப்போதே மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். அடுத்தது கண். கீழ் இமையை மெல்ல விலக்கிப் பாருங்கள். கண் முழிக்கும் இமைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் தண்ணீர் நன்றாகவே வற்றியிருக்கிறது. கடைசியாகக் கழுத்துத் தோல். இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்துவிட்டால் சரி. மூன்று நான்கு விநாடி கூடாரம் போல நின்றால் நிலைமை மோசம்.

உங்கள் கன்று சுமார் 25 கிலோ இருக்கும். கண் உள்வாங்கி, சப்புவது குறைகிற கட்டத்தில் உடல் எடையில் 8 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் போயிருக்கும். அப்படியென்றால் 2 லிட்டர். ஒரு கன்றின் உடம்பிலிருந்து ஒரு சொம்பு இரண்டு சொம்பு அல்ல, 2 லிட்டர் வற்றிவிட்டது. இந்த நேரத்தில் 2 மில்லி ஊசியை மட்டும் போட்டுவிட்டு மீதியைச் சாமியிடம் விட்டுவிடுகிறோம். அதுதான் உங்கள் இரண்டு கன்றுகளுக்கும் நடந்தது என்று நினைக்கிறேன்.

உப்புக் கரைசலை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தூள் உப்பு 4 கிராம், சமையல் சோடா 4 கிராம், குளுக்கோஸ் பவுடர் 20 கிராம். தராசு இல்லையென்றால் உப்பு முக்கால் தேக்கரண்டி, சோடா தலை தட்டி ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, குளுக்கோஸ் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு டம்ளர் இளநீர் சேர்த்தால் கழிச்சலில் போகிற பொட்டாசியத்துக்கு நல்லது. சர்க்கரை போடாதீர்கள், வெல்லமும் வேண்டாம். இளங்கன்றின் குடலுக்குச் சர்க்கரையைச் செரிக்கிற நொதி கிடையாது. செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுத்துக் கழிச்சலை அதிகமாக்கும். நாம் நம் குழந்தைக்குச் செய்வது போலவே கன்றுக்கும் சர்க்கரையும் உப்பும் கலந்து கொடுத்துவிடுகிறோம், பாசத்தில்தான். ஆனால் கன்றுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். ராத்திரி நேரத்தில் கடையில் மனிதருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மட்டும்தான் கிடைக்கிறதா, அதைக் கொடுங்கள். கன்றுக்கு அதில் உப்பு சற்றுக் குறைவு, இருந்தாலும் ஒன்றுமே கொடுக்காமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

கரைசலை வெதுவெதுப்பாக, ஒரு வேளைக்குக் கால் முதல் அரை லிட்டராக, ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் வரை கொடுக்க வேண்டும். பால் வேளையோடு சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சோடா, கன்றின் வயிற்றில் பால் திரிந்து கட்டியாவதைக் கெடுக்கும். பாலை நிறுத்தவும் கூடாது. "கழியுதே, பாலை நிறுத்தி வயித்தைக் காயப் போடலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். காயப் போட்டால் கன்று பட்டினியில் குளிர்ந்து போகும். வழக்கமான பாலையே மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். சப்பாத கன்றின் வாயைத் திறந்து மூங்கில் குழலாலோ பாட்டிலாலோ ஊற்றவே ஊற்றாதீர்கள். பாலோ மருந்தோ மூச்சுக்குழலில் இறங்கினால் மறுநாள் நுரையீரல் அழற்சி வந்து நிற்கும். சப்ப முடியாத கன்றுக்கு ரத்தக் குழாய் வழியாகத்தான் திரவம் ஏற்ற வேண்டும், அது மருத்துவர் வேலை.

சரியான நேரத்தில் ஏற்றினால் அந்தக் கன்று எப்படி மாறும் என்பதை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். செத்தது போலப் பக்கவாட்டில் கிடக்கும். சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருக்கும்போது முதலில் காது நுனி வெதுவெதுப்பாகும். பிறகு தலையைத் தூக்கி நெஞ்சில் உட்காரும். அப்புறம் எழுந்து, கால் நடுங்க நின்று, மூத்திரம் போகும். அந்த மூத்திரத்தைப் பார்க்கிறபோது இத்தனை வருடம் ஆன பிறகும் எனக்கு மூச்சு நிம்மதியாக வரும். சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இனி ஆன்டிபயாடிக். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில்லாமல் பிழைக்காத கன்றுகள் உண்டு. எந்தக் கன்றுக்கு என்பதுதான் கேள்வி.

கழிச்சல் என்பது ஒரே நோய் அல்ல. பிறந்து நான்கைந்து நாளுக்குள் தண்ணீராகக் கொட்டினால் பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ரோட்டா, கொரோனா வகை வைரஸ்கள். இந்தக் கொரோனா மாட்டினத்துக்கு உரியது, நமக்கு வந்ததல்ல, பயப்பட வேண்டாம். ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச் செல் உயிரி. மூன்று வாரத்துக்கு மேல் ரத்தமும் சளியுமாக முக்கி முக்கிக் கழிந்தால் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சல். எருமைக் கன்றாக இருந்தால், பசுங்கன்றிலும்கூட, தாய்ப்பால் வழியாகவே வந்து சேரும் உருண்டைப் புழு இன்னொரு காரணம். அதனால்தான் பத்திலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் முதல் குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்கிறோம்.

இதில் ஆன்டிபயாடிக் நேராக வேலை செய்வது பாக்டீரியாவிடம் மட்டும்தான். வைரஸை அது தொடாது. கிரிப்டோஸ்போரிடியத்தையும் தொடாது. காக்சிடியாவுக்கு மருந்தே வேறு. உங்கள் கன்றுக்கு ஒன்பது நாள். அந்த வயதில் கழிவது வைரஸாகவோ கிரிப்டோவாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நிறத்தைப் பார்த்துக் கிருமியைச் சொல்ல முடியாது. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் செரிக்காத பால் வெளியே வந்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு விஷயம், கிரிப்டோ மனிதருக்கும் ஒட்டும். கழிகிற கன்றைத் தொட்ட கையோடு குழந்தைக்குச் சோறு ஊட்டாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கன்று நன்றாகச் சப்புகிறது, நிற்கிறது, காய்ச்சல் இல்லை, சாணியில் ரத்தம் இல்லை என்றால் கரைசலும் பாலும் சுத்தமான படுக்கையும் போதும். ஊசி வேண்டாம். காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, சாணியில் ரத்தமோ சதைத் துணுக்கோ வந்தாலோ, பாலை மறுத்துப் படுத்துவிட்டாலோ அப்போது ஆன்டிபயாடிக் தேவை. ஏனென்றால் புண்பட்ட குடலிலிருந்து பாக்டீரியா ரத்தத்துக்குள் இறங்கும். தொடக்கம் வைரஸாக இருந்தாலும் கடைசியில் கொல்வது இதுவாக இருக்கலாம். 100 டிகிரிக்குக் கீழே போனால் காய்ச்சலைவிட ஆபத்து. காய்ச்சல் பார்க்கச் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். வெயில் நேரத்தில் பார்க்காமல் காலையில் நிழலில் வைத்துப் பாருங்கள். கன்றின் இயல்பான சூடு 101.5 முதல் 102.5 வரை. நம் கைக்கு அது எப்போதுமே சுடுகிற மாதிரிதான் இருக்கும்.

கழிச்சலைத் தவிர, ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப் போடவே கூடாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தொப்புள். தொப்புள் தடித்து, தொட்டால் சூடாக, அமுக்கினால் கன்று வலியில் முதுகை வளைத்தால், சீழ் நாறினால், அது வெளிப்புண் மட்டுமல்ல. அந்த வழியாகக் கிருமி கல்லீரலுக்கும் மூட்டுக்கும் போகும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து முட்டி வீங்கிக் கன்று நொண்டும்போது கொண்டுவருவார்கள். மிதிபட்டுச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். மூட்டுக்குள் சீழ் கட்டிய பிறகு எந்த மருந்தும் உள்ளே போகத் திணறும். தொப்புள் கட்டத்திலேயே வந்தால் பென்சிலின் குடும்ப மருந்துகளே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இரண்டாவது நுரையீரல். இருமல், மூக்கில் சளி, மூச்சு வயிற்றிலிருந்து இழுக்கிறது, காய்ச்சல். இதற்கும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

உங்கள் ஃப்ரிட்ஜ் பாட்டிலுக்கு வருகிறேன். போடக் கூடாது. பொடியாக இருக்கும் மருந்தில் தண்ணீர் கலந்த நிமிடத்திலிருந்து அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். வகையைப் பொறுத்துச் சில மணி நேரம், குளிரில் வைத்தால் சில நாள். உங்களுடையது மாதக் கணக்கில் இருக்கிறது. ரப்பர் மூடியில் எத்தனை தடவை ஊசி குத்தினார்களோ அத்தனை தடவை வெளிக் கிருமி உள்ளே போயிருக்கலாம். பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்பதால் அது மருந்து என்று அர்த்தமில்லை.

"ரெண்டு மில்லி போட்டார்" என்றீர்கள். எடையைக் கேட்டாரா என்றேன், இல்லை என்றீர்கள். ஆன்டிபயாடிக் அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கு. கண்ணால் பார்த்துச் சொல்லும் எடையில் ஐந்து கிலோ சுலபமாகத் தவறும். துணி தைக்கிற டேப் வீட்டில் இருக்கும். முன்னங்கால் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளம் அளந்துகொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்று 28, நீளம் 26 என்றால் கிட்டத்தட்ட 31 கிலோ. மருத்துவரைக் கூப்பிடும்போது இந்த எண்ணைச் சொன்னீர்களென்றால் அவர் சந்தோஷப்படுவார்.

நாள் கணக்கும் அப்படித்தான். முதல் கன்றுக்கு ஒரே ஒரு ஊசி. ஒரு ஊசியில் பலவீனமான கிருமி சாகும், தாக்குப்பிடிக்கிற கிருமி தங்கும். மூன்று நாள் என்றால் மூன்று நாள், ஐந்து என்றால் ஐந்து. மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னால், கன்று துள்ளி ஓடினாலும், நிறுத்தாதீர்கள். இரண்டு நாளில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள். ஊசியைக் கழுத்துப் பக்கவாட்டில் போடச் சொல்லுங்கள். மெலிந்த இளங்கன்றின் தொடையில் போட்டால் நரம்பில் பட்டுக் கால் இழுத்துக்கொள்ளும். அப்படிக் கால் இழுத்த கன்றுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஊசியோடு சேர்த்து வலிக்கும் காய்ச்சலுக்கும் ஒன்று போடுவார்கள். அது என்ன மருந்து என்று கேளுங்கள். டைக்ளோஃபினாக் 2006-லிருந்தே கால்நடைக்குத் தடை. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. தமிழ்நாட்டில் மிச்சமிருப்பவை நீலகிரி மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான். 2023-ல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப்பட்டன. மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கில்லாதது, கழியும் கன்றின் வலியையும் குறைக்கும். இதைச் சொல்வதற்குக் காரணம், செத்த கன்றை ஏரிக்கரையில் வீசிவிட்டோம் என்று நீங்கள் சொன்னது. தயவுசெய்து புதையுங்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு.

உங்கள் இரண்டாவது கேள்வி, பாலில் மாத்திரை. இதற்கு என் பதில் உறுதியாக வேண்டாம் என்பதுதான். கன்றின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறுகிற நாட்கள் அவை. அந்த நேரத்தில் தினமும் ஆன்டிபயாடிக் ஊற்றினால் குடியேற வந்தவை அழிந்து, மருந்துக்கு அடங்காதவை மட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டெட்ராசைக்ளின் போன்றவை பாலிலுள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு பாதிக்கு மேல் வேலையே செய்யாது. உண்மையாகவே நோய் வரும் நாளில் எந்த ஊசியும் கேட்காத நிலை உங்கள் கொட்டகையிலேயே உருவாகும். அந்தக் கிருமி கொட்டகையோடு நிற்காது. சாணி வரட்டியாகும், எருவாகும், வாசலில் தெளிக்கப்படும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் தருகிற கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2019-ல் மத்திய அரசு தடை போட்டது இதனால்தான்.

மடிநோய்ப் பால் விஷயத்திலும் இதேதான். அந்தப் பாலில் கொஞ்சம் மருந்து இருக்கும், நோய்க் கிருமியும் இருக்கும். கொல்கிற அளவுக்கு இல்லாமல், பழக்குகிற அளவுக்கு மட்டும் மருந்து. கன்றுக்கு இதைவிடக் கெட்ட கலவை இல்லை. கொட்டத்தான் வேண்டும், தங்கச்சி. கொட்டகையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி ஊற்றுங்கள். மருந்துப் பெட்டியில் எத்தனை நாள் பால் விலக்க வேண்டும் என்று போட்டிருக்கும். 2012-ல் வந்த விதிப்படி, நாள் தனியாகக் குறிக்காத மருந்துக்குப் பாலில் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். காளைக் கன்றை விற்பதாக இருந்தால் இந்த 28 நாளை நினைவில் வையுங்கள். சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்று உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் கன்றுக்கு எது காவல்? சீம்பால். மனிதக் குழந்தை அம்மா வயிற்றில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக நோய் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்று அப்படி இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு அதை விடாது. கன்று வெறுங்கையோடுதான் பூமிக்கு வருகிறது. சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்களைக் குடல் அப்படியே ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்வது முதல் சில மணி நேரம்தான் நன்றாக நடக்கும். ஆறு மணி நேரத்திலிருந்தே குறையத் தொடங்கி, ஒரு நாள் முடியும்போது கதவு அடைத்துவிடும். அதற்குப் பிறகு குடம் குடமாகக் கொடுத்தாலும் ரத்தத்துக்குப் போகாது.

போனில் கேட்டேன், ஞாபகமிருக்கும். எப்போது முதல் சீம்பால் கொடுத்தீர்கள் என்று. "நஞ்சுக்கொடி விழுந்த பிறகு" என்றீர்கள். முதல் கன்றுக்கு நஞ்சு விழ ராத்திரி ஆகிவிட்டது, காலையில்தான் விட்டோம் என்றீர்கள். உங்கள் மாமியார் சொன்னது, அவருக்கு அவர் மாமியார் சொன்னது. நஞ்சு விழுவதற்கு முன் பால் கறந்தால் மாட்டுக்கு ஆகாது என்று நம் பக்கம் பல ஊரில் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. கன்று முட்டி முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஹார்மோன் கருப்பையைச் சுருங்க வைக்கும், நஞ்சு விழவும் அது துணை. கன்று பிறந்து நக்கி உலர்ந்ததும், அரை மணி ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டரை லிட்டர், அதில் பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்தில். மடியில் விட்டுவிட்டு வந்தால் குடித்ததா என்று தெரியாது. கறந்து அளந்து புட்டியில் கொடுங்கள்.

சீம்பாலை வேகவைத்து வெல்லமும் ஏலக்காயும் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புகிற வழக்கத்தை நான் கெடுக்கச் சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கும். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சுவதை வேகவையுங்கள். அதிலும் அரை லிட்டர் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் ஃப்ரீசரில் வையுங்கள். தாய்க்குப் பால் இல்லாமல் போகிற கன்றுக்கு உதவும். அப்போது வெந்நீரில் பாட்டிலை வைத்து இளக்குங்கள், அடுப்பில் வைக்காதீர்கள், கொதித்தால் அந்தப் புரதம் கட்டியாகிவிடும்.

தொப்புள்கொடியை உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, டிஞ்சர் அயோடின் கிண்ணத்தில் முக்கி எடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடருங்கள். சாணி, அடுப்புச் சாம்பல் வைக்க வேண்டாம். சாணியில் டெட்டனஸ் என்ற இழுப்பு நோய்க் கிருமி இருக்கும். கழிந்த கன்றுகள் கட்டியிருந்த அதே மூலையில் அடுத்த கன்றைக் கட்டாதீர்கள். ரோட்டாவும் கிரிப்டோவும் அந்த ஈர மண்ணில் பல வாரம் கிடக்கும். மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு தெளித்து, வெயில் படும்படி விடுங்கள்.

சீரகம், மிளகு, மஞ்சள், பெருங்காயம் வறுத்து, கறிவேப்பிலையும் பூண்டும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுக்கலாமா என்று கடைசியாகக் கேட்டீர்கள். சப்புகிற கன்றுக்குக் கொஞ்சமாக நாக்கில் தடவலாம், தப்பில்லை. கரைசலுக்குப் பதிலாக வேண்டாம்.

ஒரே கொட்டகையில் வருடத்துக்கு இரண்டு கன்று போவது தற்செயல் என்று விட முடியாது. உங்கள் மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அடுத்து ஒரு கன்று கழிந்தால், எந்த ஊசியும் போடுவதற்கு முன்னால், புதுச் சாணியைச் சுத்தமான டப்பாவில் எடுத்து மருந்தகம் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பார்கள். நடக்க முடியாத கன்றைக் கேரியரில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.

சினையாக இருக்கும் மாடு தை மாதம் ஈனும் என்றீர்கள். ஈனுவதற்கு 60 நாள் முன்னாலேயே பாலை வற்றவிடுங்கள். அந்தக் கன்றின் சீம்பால் இப்போதிலிருந்தே தயாராகிறது. ஃப்ரிட்ஜில் இருக்கும் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நாளைக்கு மருந்தகத்துக்குப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள். போன முறை கன்றுக்கு என்ன மருந்து போயிருக்கிறது என்று அந்த லேபிளைப் பார்த்தால் டாக்டருக்குத் தெரியும்.